மூன்றாம் ஓலை

ஞானஜோதி டீச்சர் ஒன்பது வருஷமாக ஒரு ஆராதனையைக்கூட முழுதாக உட்கார்ந்து முடித்ததில்லை. கிழக்குத் தாம்பரத்தில் ரயில்வே லைனை ஒட்டிய அந்தக் கோயிலில் பிரசங்கம் முடிந்து, காணிக்கைப் பை சுற்றி வந்து, போதகர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அறிவிப்புத் தாளைக் கையில் எடுத்தார் என்றால், பெண்கள் பக்கத்துக் கடைசிப் பெஞ்சில் ஒரு அசைவு தெரியும். டீச்சர் வேதப் புத்தகத்தைப் பையில் போட்டுக்கொண்டு வெளியேறிக்கொண்டிருப்பாள். அடுப்பில் பால் வைத்துவிட்டு வந்திருக்கிறாள் என்றார்கள் சிலர். சர்க்கரை வியாதி, அடக்க முடியாது என்றார்கள் சிலர். முப்பத்து நாலு வயசுக்காரிக்குச் சர்க்கரை என்று சொல்ல இவர்களுக்கு வாய் கூசவில்லை. விஷயம் தெரிந்த பழைய ஆட்கள் மட்டும் ஒன்றும் சொல்லாமல் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொள்வார்கள்.

அறிவிப்புகளில் கடைசியாக வருவது கல்யாண ஓலை. இப்போது ஓலையும் கிடையாது, எழுத்தாணியும் கிடையாது. நீளமான ஒரு பதிவு நோட்டுதான். பெயர் மட்டும் ஓலை என்றே நின்றுவிட்டது. இன்னாருடைய மகனுக்கும் இன்னாருடைய மகளுக்கும் விவாகம் நிச்சயித்திருக்கிறது, இதற்குத் தடை உண்டென்று யாருக்காவது தெரிந்தால் எழுந்து சொல்ல வேண்டும் என்று போதகர் வாசிப்பார். மாப்பிள்ளையின் சபையிலும் பெண்ணின் சபையிலும் மூன்று ஞாயிறு, மூன்று முறை. மூன்றும் முடிந்தால்தான் கல்யாணம். ஆனால் அங்கே யாரும் எழுந்து தடை சொன்னதாகச் சரித்திரம் இல்லை. வேண்டாமென்று ஒரு தரப்பு முடிவு செய்தால் சனிக்கிழமையே போதகரைப் பார்த்துக் காதோடு சொல்லிவிடுவார்கள். மறுநாள் அவர் அந்த ஓலையை வாசிக்காமல் கடைசிப் பாட்டுக்குப் போய்விடுவார். சண்டை இல்லை, சத்தம் இல்லை, முறிந்தது என்று சபைக்கு விளங்கிவிடும். ரொம்ப நாகரிகமான ஏற்பாடு என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். அந்த நாகரிகத்துக்கு ஆளானவளை யாரும் கேட்டதில்லை.

எண்பத்தைந்து நவம்பரில் ஞானஜோதிக்கு இருபத்தைந்து வயசு. செம்பாக்கத்து அசரியாவுக்கும் அவளுக்கும் நிச்சயமாகி, அந்த மாதம் இருபத்தேழாம் தேதி புதன்கிழமை கல்யாணம் என்று பத்திரிகையும் கொடுத்தாகிவிட்டது. பெண் பார்க்க வந்த அன்று அசரியா ஒரே ஒரு கேள்விதான் கேட்டான். பாடப் புத்தகம் தவிர வேறே என்ன படிப்பீங்க என்று. அந்த ஒரு கேள்விக்காகவே அவளுக்கு அவனைப் பிடித்துப்போயிற்று. ஓலையை முதல் முறை வாசித்தபோது பக்கத்திலிருந்த தோழிகள் இடுப்பில் கிள்ளினார்கள். இரண்டாம் முறை வாசித்தபோது தன் பெயரும் அவன் பெயரும் சேர்ந்து வருவதைக் கேட்க அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

மூன்றாம் ஞாயிறுக்கு முன்னால் மழை பிடித்துக்கொண்டது. ஏரிகள் நிரம்பி வழிந்தன, செம்பாக்கம் ரோடு தண்ணீருக்குள் போயிற்று. போதகர் காய்ச்சலில் விழுந்துவிட்டதால் உபதேசியார் ஆராதனை நடத்தினார். ஞானஜோதி நீலப் புடவை கட்டிக்கொண்டு, கரையெல்லாம் நனைய வந்து, மூன்றாவது பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தாள். சபையில் மொத்தம் முப்பது பேர் இருந்தால் அதிகம். உபதேசியார் ஓய்வுநாள் பள்ளி கிடையாது என்றார், புதன்கிழமை ஜெபக் கூட்டம் கிடையாது என்றார், கடைசிப் பாட்டின் நம்பரைச் சொன்னார். எல்லோரும் எழுந்து பாடினார்கள். ஓலை வாசிக்கவில்லை.

அவள் மட்டும் பாட்டுக்கு எழுந்திருக்கவில்லை. கால் வரவில்லை. ஆண்கள் பக்கத்தில் அவளுடைய அப்பா, ரிட்டயர்டு போஸ்ட் மாஸ்டர், நேராக நின்று பாடி முடித்தார். வீட்டுக்கு வந்து குடையை மூலையில் சாத்திவிட்டு, மாப்பிள்ளை வீட்டார் நிறுத்திவிட்டார்கள், இனி இந்த வீட்டிலிருந்து ஒரு ஆள் அங்கே போய்க் கேட்கக் கூடாது என்றார். உபதேசியாரையாவது கேட்கலாமே என்று அம்மா ரத்தினபாய் மெல்ல இழுத்தாள். ஊர் சிரிப்பதற்கா என்று ஒரே அதட்டல். போதகரைக் கேட்டிருக்கலாம், அவரோ அந்தக் காய்ச்சலிலேயே பத்து நாளில் காலமாகிவிட்டார். தண்ணீர் வடிந்து ரோடு திறந்தது. செம்பாக்கத்திலிருந்தும் யாரும் வரவில்லை. தவிர்க்க முடியாத காரணத்தால் விவாகம் நடைபெறாது என்று அப்பா உறவினருக்கெல்லாம் கார்டு எழுதிப் போட்டார். அசரியா வீட்டாரும் அதே வாசகத்தோடு எழுதிப் போட்டிருந்தார்கள். இரண்டு வீட்டுக் கார்டுகளும் ஒரே தபால் பையில் கிடந்திருக்கும்.

அன்றைக்கு மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்த பெண் அதற்கப்புறம் எழுந்திருக்கவே இல்லை. இதை ஞானஜோதி யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் மந்திரிக்கக் கூட்டிப்போவார்கள். ஆனால் ஒவ்வொரு ஞாயிறும் அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். நீலப் புடவை, ஈரக் கரை, மடியில் பாட்டுப் புத்தகம், கழுத்தைச் சற்று முன்னால் நீட்டி எதையோ கேட்பதற்குக் காத்திருக்கும் ஒரு இருபத்தைந்து வயசுக்காரி. முகம் தெரியாது. திரும்பிப் பார்க்கவே மாட்டாள். அறிவிப்பு நேரம் வந்தால் அவளுடைய முதுகு விறைக்கும். அதைப் பார்க்கப் பொறுக்காமல்தான் ஞானஜோதி எழுந்து ஓடினாள். பாலும் இல்லை, சர்க்கரையும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமையோடு விட்டிருந்தால்கூடச் சமாளித்திருப்பாள். யாரிடமாவது எதையாவது கேட்கலாமென்று வாயெடுக்கும்போதெல்லாம் முதலில் ஒரு வாசனை வரும். பீரோவில் அந்துருண்டை போட்டு வைத்த புடவை மழையில் நனைந்த வாசனை. பிறகு பக்கத்தில் யாரோ வந்து உட்கார்ந்ததுபோல இருக்கும். அவ்வளவுதான், வாய் மூடிக்கொள்ளும். தையல்காரர் ரவிக்கையைத் தொளதொளவென்று தைத்துக் கொடுத்தால் தொளதொளவென்றே போட்டுக்கொண்டாள். பஸ்ஸில் மீதிச் சில்லறையை விட்டுவிட்டு இறங்கினாள். பெரிய வகுப்பு எடுக்கத் தகுதியெல்லாம் இருந்தும் ஒன்பது வருஷமாக மூன்றாம் வகுப்பு பி பிரிவிலேயே இருந்தாள், வேறு வகுப்பு கேட்டால் தலைமை ஆசிரியை முகம் மாறிவிடுமோ என்று. நடுவில் அப்பாவும் போய்ச் சேர்ந்தார். கடைசிவரை அவரும் அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

தொண்ணூற்று நாலு செப்டம்பரில் அறுப்பின் பண்டிகை வந்தது. சபையார் வீட்டில் விளைந்தது, வளர்த்தது, சுட்டது எல்லாம் கோயில் முற்றத்தில் ஏலத்துக்கு வரும். முடிச்சூர் பக்கம் நிலம் வைத்திருப்பவர்கள் வாழைத்தார் கொண்டுவருவார்கள். நிலத்தை ப்ளாட் போட்டு விற்றவர்கள் மார்க்கெட்டில் வாழைத்தார் வாங்கிக்கொண்டு வருவார்கள். ஏலம் விடுபவர் எட்மண்ட். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் சூப்பர்வைசர், நாற்பது வயசு, மனைவி தவறி நாலு வருஷம், பிள்ளை கிடையாது. சாதாரணமாகப் பேசினால் பக்கத்து ஆளுக்கே கேட்காது. முற்றத்தில் ஒரு ஸ்டூல் போட்டு ஏற்றிவிட்டால் வேறு மனிதர். ஒரு தரம் என்பார், ரெண்டு தரம் என்பார், அப்புறம் வாயை இறுக மூடிக்கொண்டு கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்ப்பார். மூன்றாம் தரத்தை இழுத்தடிப்பதில் அவருக்கு அப்படி ஒரு ஆனந்தம். ஜனங்களுக்கும் அது ஒரு வேடிக்கை.

ஞானஜோதிக்கு அது வேடிக்கையாக இல்லை. அன்று ஒரு பெரிய பூசணிக்காயைத் தூக்கி வைத்துக்கொண்டு எட்மண்ட் ரெண்டு தரம் என்று நிறுத்தினார். அந்துருண்டை வாசனை வந்தது. நல்ல வெயில், ஆனால் அவளுடைய முழங்கைமேல் ஈரப் புடவை உரசியது. அந்த மௌனம் நீண்டுகொண்டே போயிற்று. அவளையறியாமல் அவள் வாய் திறந்தது.

"மூணாந் தரத்தையும் சொல்லிடுங்க சார். இப்படிக் காக்க வைக்காதீங்க."

முற்றம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. எட்மண்ட் பயந்துபோய் மூணு தரம் என்று சொல்லிவிட்டார். கடைசியாக வாய் திறந்தது டீச்சர்தான் என்பதால் பூசணிக்காய் அவள் தலையில் கட்டப்பட்டது. அதை அவளால் தூக்க முடியவில்லை. எட்மண்டே தோளில் வைத்துக்கொண்டு வீடுவரை வந்தார். வாசலில் இறக்கி வைத்துவிட்டு, விளையாட்டுக்குத்தான் அப்படிச் செய்வேன், மனசு கஷ்டப்பட்டிருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள் என்று செருப்பைப் பார்த்துச் சொன்னார். அன்றைக்கு முழுக்க ஞானஜோதி ஆச்சரியத்திலேயே இருந்தாள். அத்தனை பேர் நடுவில் வாய் திறந்திருக்கிறாள், ஒன்றும் ஆகவில்லை, கூடுதலாக ஒரு பூசணிக்காய் வேறு.

பள்ளிக்கூடத்து ஆயா ஜெயக்கொடி இந்தக் கதையைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். ஜெயக்கொடி முடிச்சூர்க்காரி, அவள் வீட்டார் பயிர் செய்த நிலத்தில் இப்போது யார் யாரோ மாடி கட்டிக்கொண்டிருந்தார்கள். புருஷனைக்கூட அவள்தான் முதலில் கேட்டாளாம். வேண்டாமென்று அவன் ஒரு தரம் சொன்னானாம். அடுத்த பொங்கலுக்கு மறுபடி கேட்டாளாம். அவளிடம்தான் ஞானஜோதி தலைமை ஆசிரியையிடம் வகுப்பு மாற்றம் கேட்கப் பயமாக இருக்கிறது என்று ஒப்புக்கொண்டாள்.

"கேட்டா இன்னா டீச்சர், தலையா பூடும்? இல்லன்னா இல்லன்னு சொல்லப்போறாங்க. வூட்டுக்குப் போயி சோத்த துன்னுட்டுத் தூங்கு. பயம் போவட்டும், அப்பால கேக்கலாம்னு குந்திக்கினு இருந்தா அது எங்க போவுது?"

கேட்டாள். கேட்கும்போது பக்கத்தில் ஈரம் வந்து உட்கார்ந்தது, இருந்தும் கேட்டு முடித்தாள். தலைமை ஆசிரியை இந்த வருஷம் முடியாது என்றார். ஞானஜோதி வெளியே வந்து வராந்தாத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என்னவோ நடக்கும் என்று காத்திருந்தாள். மணி அடித்தது. பிள்ளைகள் சாப்பாட்டுத் தூக்கோடு ஓடினார்கள். அவளும் போய்த் தயிர்ச்சோறு சாப்பிட்டாள். வழக்கத்தைவிடக் கொஞ்சம் பசித்தது என்பதுதான் உண்மை. அதற்கப்புறம் தையல்காரரிடம் ரவிக்கையைப் பிரித்துத் தைக்கச் சொன்னாள். கண்டக்டரிடம் மீதியைக் கேட்டாள். அவன் முறைத்துக்கொண்டே கொடுத்தான். ஒவ்வொரு தடவையும் நீலப் புடவைக்காரி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளை எழுப்ப முடியவில்லை. அவள் உட்கார்ந்திருக்கும்போதே பேசிவிடலாம் என்பது மட்டும் புரிந்தது.

எட்மண்ட் புதன்கிழமைகளில் ஜெபக் கூட்டம் முடிந்ததும் ரயில்வே கேட்வரை அவளோடு நடந்து வர ஆரம்பித்தார். அன்று எந்த ஊர் லைன் அறுந்தது, எந்த ஊர் லைன் கிடைத்தது என்று மெல்லிய குரலில் சொல்லிக்கொண்டு வருவார். கேட் மூடியிருந்தால் இருவருக்குமே சந்தோஷம், நிற்கலாம் அல்லவா. அந்த மனிதரை அவளுக்குப் பிடித்திருந்தது. அவருக்கும் அப்படித்தான் என்று கேட்கீப்பருக்குக்கூடத் தெரிந்திருந்தது. ஆனால் அவர் கேட்கவில்லை. இரண்டு மாதமாக வானிலையும் டிரங்க் காலும்தான். அவரை நீதான் கேட்க வேண்டும் என்றாள் ஜெயக்கொடி. ரவிக்கை வேறு, இது வேறு. தன்னிடம் ஏதோ ஒரு குறை இருக்கிறது, அதைக் கண்டுதான் செம்பாக்கத்தார் ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் விலகினார்கள், எட்மண்டும் ஒரு நாள் அதைக் கண்டுகொள்வார். ஒன்பது வருஷமாக இந்த ஒரு நினைப்போடுதான் அவள் படுத்தாள், எழுந்தாள். அந்தக் குறை என்னவென்று தெரியாமல் அவரைக் கேட்க அவளால் முடியாது.

டிசம்பர் முதல் வாரம் ஒரு சனிக்கிழமை காலை செம்பாக்கத்துக்கு பஸ் ஏறினாள். அம்மாவிடம் துணிக்கடைக்கு என்று சொல்லியிருந்தாள். ஜன்னலோரம் உட்கார்ந்தாள், பக்கத்து சீட் காலியாகவே வந்தது. ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு அம்மாள் அதில் உட்காரப் போய், சீட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு, நனைந்திருக்கிறது என்று நின்றுகொண்டாள். வெளியே ஒரு பொட்டு மழை இல்லை.

அசரியாவின் வீடு ஏரிக்கரையிலிருந்து மூன்றாவது தெரு. அவனே கதவைத் திறந்தான். தலை முன்பக்கம் வழுக்கை விழுந்திருந்தது. யாரென்று தெரிந்ததும் அவனுடைய கை தானாகக் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டது. உள்ளே இரண்டு பிள்ளைகள் ஹோம்வொர்க் எழுதிக்கொண்டிருந்தார்கள். அவன் மனைவிக்கு இந்தப் பெயர் முன்பே தெரிந்திருக்க வேண்டும். ஒன்றும் கேட்காமல் காபி கொண்டுவந்து வைத்தாள், பிள்ளைகளை உள்ளே அனுப்பினாள், தான் மட்டும் அங்கேயே நின்றாள். ஞானஜோதி காபியைத் தொடவில்லை.

"உங்க குடும்பத்துல குழப்பம் பண்ண வரல," என்றாள். "ஒண்ணே ஒண்ணு தெரிஞ்சுக்கணும். ஏன் வேணாம்னு சொன்னீங்க?"

அசரியா திகைத்துப்போய் அவளிடமே திருப்பிக் கேட்டான்.

"நீங்கதானே வேணாம்னு சொன்னீங்க?"

"யார் சொன்னா?"

அவன் யோசித்தான். நிஜமாகவே யோசித்தான். "யாரும் சொல்லல," என்றான்.

பிறகுதான் எல்லாம் வந்தது. அவனுடைய மாமா ஒருவர் அன்று கிழக்குத் தாம்பரத்துக் கோயிலில் இருந்திருக்கிறார். அங்கே ஓலை வாசிக்கவில்லை என்று இடுப்பளவுத் தண்ணீரில் நடந்து வந்து சொல்லியிருக்கிறார். பெண் வீட்டார்தான் நிறுத்தியிருக்கிறார்கள் என்று இவர்கள் முடிவுகட்டினார்கள். பெண் வீட்டார் வந்து ஒரு வார்த்தை சொல்லட்டும் என்று அவனுடைய அம்மா வாரம் முழுக்க வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாளாம். போய்க் கேட்டுவிட்டு வருகிறேன் என்று அவன் ஒரு நாள் சைக்கிளை எடுத்தானாம். முகத்துக்கு நேராக வேண்டாமென்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று ஏரிக்கரையோடு திரும்பிவிட்டானாம். உபதேசியார் ஏன் வாசிக்கவில்லை என்பது அவனுக்கும் தெரியாது. நோட்டு போதகர் வீட்டில் இருந்திருக்கும், காய்ச்சல்காரரை எழுப்பாமல் விட்டிருப்பார்கள், மழையில் மறந்திருப்பார்கள். யாருக்குத் தெரியும்? யாரும்தான் கேட்கவில்லையே.

"எங்க சபையில வாசிச்சாங்க," என்றான் அவன் கடைசியாக. "அதே ஞாயிறு. மூணாவது தரமும் வாசிச்சாங்க. உங்க பேர நான் கேட்டேன்."

அவன் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஞானஜோதி ஆறிப்போன காபியை எடுத்து ஒரே மடக்கில் குடித்தாள். அந்தப் பெண்ணுக்கு வேறு எப்படி மரியாதை செய்வதென்று தெரியவில்லை. வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் நின்றபோது கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அப்பாமேல், அவன் அம்மாமேல், பாதிவழியில் திரும்பிய அந்தச் சைக்கிள்மேல், எல்லாவற்றையும்விடப் பாட்டுக்குக்கூட எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்த தன்மேல். அவளிடம் ஒரு குறையும் இல்லை. ஒரு கேள்வி கேட்க ஆளில்லாமல் ஒன்பது வருஷம் போயிருந்தது. ஏரியைப் பார்த்து நின்று, பார்ப்பவர் பார்க்கட்டும் என்று அழுதாள்.

திங்கட்கிழமை சாயங்காலம் எக்ஸ்சேஞ்ச் வாசலில் போய் நின்றாள். ஷிஃப்ட் முடிந்து எட்மண்ட் டிபன் பாக்ஸோடு வந்தார். அந்துருண்டை வாசனை வந்தது. வரட்டும் என்று இருந்தாள்.

"சார், ஒண்ணு கேக்கணும். இல்லைன்னாலும் சொல்லிடுங்க, ஆனா பேசாம மட்டும் இருந்துடாதீங்க. என்னைக் கட்டிக்கிறீங்களா?"

எட்மண்ட் டிபன் பாக்ஸை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். நாளைக்குச் சொல்லட்டுமா என்றார். எத்தனை மணிக்கு என்று கேட்டாள். ஆறு மணிக்கு என்றார். மறுநாள் ஐந்தரைக்கே வீட்டு வாசலில் நின்று, கதவைத் திறந்த ரத்தினபாயிடம் சரி என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார். எதற்குச் சரி என்று கேட்க அந்த அம்மாள் தெருக்கோடிவரை அவரைத் துரத்திக்கொண்டு ஓட வேண்டியிருந்தது.

பிப்ரவரி ஒன்றாம் தேதி கல்யாணம் என்று வைத்தார்கள். இருவரும் ஒரே சபை என்பதால் ஓலையும் ஒரே இடத்தில்தான். ஜனவரியில் முதல் முறை வாசித்தபோது ஞானஜோதி கடைசிப் பெஞ்சில் இரண்டு கையாலும் பலகையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், ஓடவில்லை. இரண்டாம் ஞாயிறு இரண்டாம் முறை. அந்த வாரம் முழுக்க அவளுக்குச் சோறு இறங்கவில்லை. கரும்பலகையில் கணக்கு எழுதும்போதும், ரயில் கூவும்போதும், குழாயில் தண்ணீர் சொட்டும்போதும் ரெண்டு தரம், ரெண்டு தரம் என்றே கேட்டது. புதன்கிழமை எட்மண்டுக்கு நைட் ஷிஃப்ட், பார்க்க முடியவில்லை. வியாழக்கிழமையும் அவர் வரவில்லை. சனிக்கிழமை என்பது ஓலையை நிறுத்தச் சொல்லும் நாள். அன்று பகல் முழுக்க அவள் கோயில் இருக்கும் திசையையே பார்க்கவில்லை.

மூன்றாம் ஞாயிறு அவள் கடைசிப் பெஞ்சுக்குப் போகவில்லை. நேராக நடந்து மூன்றாவது பெஞ்சுக்கு வந்தாள். ஓரத்தில் நீலப் புடவைக்காரி இருந்தாள். ஞானஜோதி அவளை ஒட்டி உட்கார்ந்தாள். புடவையிலிருந்து நீர் சொட்டித் தரையில் ஓடுவது இவ்வளவு கிட்டத்தில் கேட்டது. சபைப் போதகர் வெளியூர்க் கூட்டத்துக்குப் போயிருந்தார். ஓய்வு பெற்ற ஒரு முதிய போதகர் வந்திருந்தார். பிரசங்கம் நீண்டது. காணிக்கை முடிந்தது. அவர் தாளை எடுத்தார். மாதர் சங்கம், வாலிபர் கூட்டம், கல்லறைத் தோட்டம் சுத்தம் செய்யும் நாள். தாளை மடித்தார். கடைசிப் பாட்டின் நம்பரைச் சொன்னார்.

ஓலை வாசிக்கவில்லை.

ஆர்மோனியம் முதல் வரியைப் பிடித்தது. சபை எழுந்தது. பின்னாலிருந்து ஒரு குசுகுசுப்பு மூன்று பெஞ்ச் தாண்டி வந்து நின்றது. ஆண்கள் பக்கம் பார்த்தாள். எட்மண்ட் தலையைக் குனிந்து கையிலிருந்த புத்தகத்தை மூடிக்கொண்டிருந்தார். அவர்தான் நேற்று போய்ச் சொல்லியிருக்கிறார். வேறு எப்படி இருக்க முடியும்? ஞானஜோதி பாட்டுக்கு எழுந்திருக்கவில்லை. அப்போது ஓரத்தில் இருந்தவள் திரும்பினாள். ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக முகத்தைக் காட்டினாள். அவளுடைய முகமேதான், மழையில் நனைந்து, ஒரு சுருக்கமும் விழாமல். சற்று நகர்ந்து பெஞ்சில் இடம்விட்டாள், வா, நீயும் இங்கேயே இருந்துவிடு என்பதுபோல.

ஞானஜோதி பெஞ்சின் முதுகைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். பாட்டுக்கு எழவில்லை, பெஞ்சை விட்டு நடுவழிக்கு வந்து நின்றாள்.

"ஐயா," என்றாள். ஆர்மோனியச் சத்தத்தில் அது அமுங்கிப்போயிற்று. மறுபடி, "ஐயா!"

ஆர்மோனியம் நின்றது. முதிய போதகர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, என்னம்மா, ஏதாவது தடை சொல்ல வேண்டுமா என்று கேட்டார். அறிவிப்பு முடிந்ததும் ஒருவர் நடுவழிக்கு வந்து கூப்பிட்டால் பழைய காலத்து மனிதருக்கு வேறு என்ன தோன்றும்? தன் கல்யாணத்துக்குத் தானே தடை சொல்ல எழுந்திருக்கிறாள் என்று பாதிச் சபை வாயைப் பிளந்தது.

"தடை இல்லீங்க ஐயா. எங்க ஓலைக்கு இன்னிக்கு மூணாவது தரம். நீங்க வாசிக்கல. யாராவது நிறுத்தச் சொன்னாங்களா? சொல்லியிருந்தா அதையாவது சொல்லிடுங்க."

முதியவர் தாளைத் திருப்பிப் பார்த்தார். மேஜையைப் பார்த்தார். எந்த ஓலை, எனக்கு நோட்டே யாரும் தரவில்லையே என்றார். கோயில் பணியாளர் தலையில் அடித்துக்கொண்டு பக்கத்து அறைக்கு ஓடினார். பீரோவைத் திறக்கும் சத்தம் சபை முழுக்கக் கேட்டது. அவர் நோட்டோடு திரும்பி வரும்வரை ஞானஜோதி நடுவழியிலேயே நின்றாள். யாரையும் பார்க்கவில்லை. உட்காரவும் இல்லை. முதியவர் பக்கத்தைத் தேடி, விரலை எச்சில் தொட்டுப் புரட்டி, நிதானமாக வாசித்தார். எட்மண்ட், தபுதாரர், ஞானஜோதி, கன்னிகை, தடை உண்டென்று அறிந்தவர் சொல்லக்கடவர், இது மூன்றாம் முறை. அதைக் கேட்டு முடித்த பிறகுதான் அவள் திரும்பி மூன்றாவது பெஞ்சுக்கு வந்தாள். ஓரத்தில் யாரும் இல்லை. பலகையைத் தடவிப் பார்த்தாள், காய்ந்திருந்தது.

ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது எட்மண்ட் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தார். கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார், மறுபடி துடைத்தார்.

"நீங்க நிறுத்தச் சொல்லிட்டீங்கன்னு நெனச்சேன்," என்றார்.

செம்பாக்கத்து ஏரிக்கரையில் சைக்கிளைத் திருப்பியவனின் முகம் ஒரு நிமிஷம் இந்த முகத்தில் வந்து போயிற்று.

"நான் எழுந்திருக்கலைன்னா, வந்து என்னைக் கேட்டிருப்பீங்களா?"

பொய் சொல்ல அவருக்குத் தெரியாது. "மாட்டேன்," என்றார். அவர் கண் கலங்கியிருந்தது.

அவள் கோயிலின் கண்ணாடி ஜன்னலை ஒரு முறை திரும்பிப் பார்த்தாள். ஆண்கள் பக்கத்தில் ஒரு பெஞ்சின் ஓரத்தில், மூடிய பாட்டுப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, யுகயுகமாக உட்கார்ந்திருக்கப் போகிறவரைப்போல, எட்மண்டின் சாடையில் ஒருவரை அவளால் பார்க்க முடிந்தது. இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தால் அவர் அங்கேயேதான் இருந்திருப்பார்.

"பரவாயில்ல," என்றாள். "நான் கேட்பேன். இனிமே எதுன்னாலும் நானே கேட்டுடுவேன். நீங்க பதில் மட்டும் சொல்லுங்க."

சரி என்றார் எட்மண்ட், இந்தத் தடவை பக்கத்து ஆளுக்குக் கேட்கும்படியாக. இருவரும் ரயில்வே கேட்டைப் பார்த்து நடந்தார்கள். கேட் திறந்துதான் இருந்தது. இருந்தாலும் கொஞ்ச நேரம் நின்றார்கள்.